காக்கரட்டானும் மல்லிதானே, மேடம்?

மக்காச்சோளப் படைப்புழுவைப் பற்றிச் சென்ற இதழில் மிச்சம் வைத்ததை இந்த இதழில் முடிப்பதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த முறைக்குப் போகிறது. ஐப்பசி கடைசியில் வந்த ஒரு கடிதம்தான் காரணம். இன்னும் சில நாட்களில் மல்லித் தோட்டங்களில் கவாத்துக் கத்தரி இறங்கிவிடும். அதற்கு முன்னால் இந்தப் பதில் போய்ச் சேர வேண்டும்.

நிலக்கோட்டை பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார் அந்த வாசகர். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கடிதத்தைக் கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்.

"எனக்கு 60 சென்ட் நிலம். இத்தனை நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தேன். பூ விவசாயத்துக்குப் புதுசு. போன வருடம் ஆடியில் குண்டுமல்லி நாற்று என்று சொல்லிக் கொடுத்த 1,500 நாற்றை வாங்கி நட்டோம். இந்தச் சித்திரை, வைகாசியில் கொஞ்சம் பூத்தது, ஊர் ஏஜெண்டிடமே கொடுத்துவிட்டோம். இப்போது ஐப்பசியில் முக்கால்வாசிச் செடியில் பூ குறைந்துபோய், மேற்குப் பக்கம் சில வரிசையில் மட்டும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. நல்ல செடி அமைந்தது என்று சந்தோஷப்பட்டோம். மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனால் பாதிக்கும் குறைவாக விலை போட்டு, இது காக்கரட்டான் என்கிறார்கள். நாற்றுக் கொடுத்தவரைக் கேட்டால், காக்கரட்டானும் மல்லி இனம்தான், நான் மல்லிதான் கொடுத்தேன் என்கிறார். யார் சொல்வது உண்மை? மொத்தமாகக் கவாத்து செய்யவா, பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் போடவா? நகையை அடகு வைத்து நட்ட செடி."

கடிதத்தோடு ஒரு பிளாஸ்டிக் பையில் நாலைந்து இலையும் பூவும் வைத்து அனுப்பியிருந்தார். தபாலில் வந்து சேர்வதற்குள் அவை வெந்த கீரை மாதிரி ஆகிவிட்டன. அதைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. இனி செடி அனுப்புகிறவர்கள் தயவுசெய்து செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, ஒரு கனமான புத்தகத்தை மேலே வைத்து நான்கு நாள் அழுத்திக் காயவைத்து அனுப்புங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம்.

மல்லி தோட்டக்கலைத் துறையின் பயிர். நான் வேளாண்மைத் துறை. நெல், சோளம், பயறு என்றால் எனக்குக் கடமை. பூ என்றால் ஆசை. ஞாயிற்றுக்கிழமை வத்தலகுண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டே வந்தேன்.

தோட்டத்தில் கணவன், மனைவி, ஒன்பதாவது படிக்கிற மகள் மூன்று பேரும் நின்றார்கள். காலை எட்டு மணி. பூ எடுத்து முடித்திருந்தார்கள். நான் வந்ததும் அந்தத் தம்பி முதலில் கேட்டது இதுதான்: "காக்கரட்டானும் மல்லிதானே, மேடம்? அப்படின்னா அவரு சொல்றது சரிதானே?"

சரிதான், ஆனால் பாதி சரி. அந்தப் பாதியில்தான் உங்கள் பணம் போயிருக்கிறது என்றேன். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'மல்லி' என்ற சொல்லை நம்பி எதையும் வாங்காதீர்கள். மளிகைக் கடையில் மல்லி என்றால் கொத்தமல்லி விதை. பூக்கடையில் செண்டுமல்லி என்றால் ஆரஞ்சு நிறச் சாமந்தி போல இருக்கிற பூ. அது சூரியகாந்தி குடும்பம். மல்லிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. காக்கரட்டான் என்ற பெயரும் அப்படித்தான். நம் திண்டுக்கல் மார்க்கெட்டில் காக்கரட்டான் என்கிற அதே வெள்ளைப் பூ சத்தியமங்கலம் மார்க்கெட்டில் காக்கடா. வேறு சில ஊர்களில் காக்கட்டான். ஆனால் சித்த மருத்துவரிடம் போய்க் காக்கட்டான் என்று கேட்டால் அவர் நீலச் சங்குப்பூக் கொடியைக் காட்டுவார். அது அவரைக்காய்க் குடும்பம். ஒரே பெயரில் இரண்டு செடி, ஒரே செடிக்கு மூன்று பெயர். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் தாவரவியல்காரர்கள் ஒவ்வொரு செடிக்கும் இரண்டு சொல்லில் ஒரு பெயர் வைத்தார்கள். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் அந்தப் பேரினத்துக்குள் அது எந்தச் சிற்றினம் என்று சொல்லும்.

நம் பூக்கடையில் இருக்கிற நான்கு பூவுக்கு முதல் சொல் ஒன்றுதான்: ஜாஸ்மினம். குண்டுமல்லி ஜாஸ்மினம் சம்பக். முல்லை ஜாஸ்மினம் ஆரிகுலேட்டம். ஜாதிமல்லி, அதாவது நம் மார்க்கெட்டில் ஜாதிப்பூ, நாகர்கோவில் பக்கம் பிச்சி, ஜாஸ்மினம் கிராண்டிஃப்ளோரம். காக்கரட்டான் ஜாஸ்மினம் மல்டிஃப்ளோரம். உலகம் முழுக்க இந்தப் பேரினத்தில் ஏறக்குறைய 200 சிற்றினங்கள் இருக்கின்றன. சிறுமலை அடிவாரப் புதர்க்காடுகளில் ஆடு மேய்க்கிறவர்களைக் கேளுங்கள், காட்டுமல்லியைக் காட்டுவார்கள். சின்ன இலை, ஒல்லியான இதழ், மெல்லிய வாசம். அதுவும் ஜாஸ்மினம்தான். ஜாஸ்மினம் அங்கஸ்டிஃபோலியம்.

ஆக நாற்றுக்காரர் சொன்னது பேரினத்தை. தம்பி பணம் கொடுத்தது சிற்றினத்துக்கு. அண்ணன் தம்பி எல்லாரும் ஒரே குடும்பம்தான், ஆனால் கல்யாணமான பிறகு ரேஷன் கார்டு வேறு வேறு அல்லவா என்றேன். அவர் வீட்டம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "அதான் இவரு தம்பி கார்டுல எங்களுக்கு அரிசி போட மாட்டேங்கிறாங்க" என்று சிரித்தார். அவ்வளவு கவலையிலும் அந்தச் சிரிப்பு வந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இப்போது இலைக்கு வருவோம். ஜாஸ்மினம் பேரினத்தைப் பிரிக்கிறவர்கள் பூவை விட இலையைத்தான் முதலில் பார்ப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே அப்படித்தான். ஒரு காம்பில் ஒரே இலையா, மூன்று சிற்றிலையா, வேப்பிலை போல வரிசையாகச் சிற்றிலைகளா, கணுவில் இலைகள் எதிரெதிராகவா, மாறி மாறியா என்று பார்த்துப் பிரிவு பிரிவாக வைத்தார்கள். விவசாயிக்கும் இதுதான் வசதி. பூ சீசனில்தான் இருக்கும், இலை எப்போதும் இருக்கும். நாற்றிலும் இருக்கும்.

ஜாதிமல்லியை அடையாளம் காண்பது சுலபம். ஒரு காம்பில் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலை, நுனியில் இருப்பது மட்டும் பெரிசு. முல்லை அதைவிட வேடிக்கையானது. பார்த்தால் ஒற்றை இலை மாதிரி தெரியும். காம்பை உற்றுப் பாருங்கள். பெரிய இலைக்கு அடியில் இரண்டு பக்கமும் ஆட்டுக்குட்டியின் காது மாதிரி இரண்டு குட்டிச் சிற்றிலை ஒட்டிக்கொண்டிருக்கும். ஆரிகுலேட்டம் என்றால் காதுள்ளது என்று அர்த்தம். சில இலையில் அந்தக் காது உதிர்ந்துகூடப் போயிருக்கும், ஆகவே நான்கைந்து இலை பார்க்க வேண்டும்.

வம்பு வருவது குண்டுமல்லிக்கும் காக்கரட்டானுக்கும்தான். இரண்டுக்கும் ஒற்றை இலை. இரண்டும் கணுவில் எதிரெதிர் இலை. நாற்றாக இருக்கும்போது புதிதாக வருகிறவர் ஏமாந்துபோவது ஆச்சரியம் இல்லை. ஆனால் விரலுக்குத் தெரியும். காக்கரட்டானின் இளந்தண்டைத் தடவினால் பூனைக்குட்டி முதுகைத் தடவுகிற மாதிரி மெத்தென்று இருக்கும், அவ்வளவு மயிர். இலையின் அடிப்பாகம் வட்டமாகவோ லேசாக இதய வடிவிலோ இருக்கும். குண்டுமல்லித் தண்டில் அந்த அளவுக்கு மெத்தென்ற மயிர் இருக்காது. இலை பளபளக்கும், நரம்பு நன்றாகத் தெரியும். இலையைத் திருப்பி, நடு நரம்பிலிருந்து பக்க நரம்பு பிரியும் மூலைகளைப் பார்த்தால் சின்னச் சின்ன மயிர்க் கற்றை இருக்கும். சில கணுக்களில் இரண்டுக்குப் பதில் மூன்று இலை வட்டமாக நிற்கும். பூ வந்துவிட்டால் சந்தேகமே இல்லை. குண்டுமல்லி பெரும்பாலும் மூன்று மூன்றாக மொட்டு வைக்கும். காக்கரட்டான் சிறு கிளை நுனியில் அடர்ந்த கொத்தாக வைக்கும், மொட்டுக்கு அடியில் இருக்கிற பச்சை இழைகள் நீளமாக, மயிர் மூடி இருக்கும். இதழ் ஒல்லி. மூக்கில் வைத்தால் வாசம் ஏமாற்றும்.

அந்தப் பெண் பிள்ளையிடம் இரண்டு இலையைக் கொடுத்தேன், கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல் என்று. பத்து முறை கொடுத்தேன், பத்தும் சரி. பிறகு அவளே ஒரு சிவப்புத் துணியைக் கிழித்து எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். அவளும் அம்மாவும் மத்தியானத்துக்குள் எண்ணி முடித்துவிட்டார்கள். 1,500-ல் 480 காக்கரட்டான். அதில் 410 மேற்குப் பக்கம் ஒரே பட்டியாக நிற்கிறது. மீதி 70 மல்லிக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கலந்திருக்கிறது. நாற்றங்காலில் கட்டுக் கட்டும்போதே கலந்துவிட்டது என்று தெரிகிறது. தெரிந்து செய்தாரா, தெரியாமல் செய்தாரா என்று நான் சொல்ல முடியாது.

தெரியாமல் கலப்பது பெரிய ஆட்களுக்கும் நடந்திருக்கிறது. செடிகளுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் முறையைக் கொண்டுவந்த சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் வெளியிட்ட புத்தகத்தில் நம் குண்டுமல்லியைப் பவழமல்லியோடு சேர்த்து நிக்டாந்தஸ் என்ற பேரினத்தில் வைத்துவிட்டார். அவர் பூவின் மகரந்தத் தாளை எண்ணிப் பிரித்தவர். இரண்டு செடிக்கும் தாள் இரண்டு, இரண்டும் வெள்ளை, இரண்டும் இரவில் மலரும் வாசனைப் பூ. லண்டன் அருகே கியூ தோட்டத்தைப் பார்த்துக்கொண்ட ஐட்டன் என்பவர் 1789-ல்தான் அதை எடுத்து ஜாஸ்மினத்தில் வைத்தார். ஜாஸ்மினம் சம்பக் என்ற பெயர் அப்போது வந்தது. முப்பத்தாறு வருடம் தப்பான வீட்டில் இருந்த செடி அது.

நானும் பெரிய யோக்கியம் இல்லை. மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்தபோது செடிகளை ஒட்டிய ஆல்பம் ஒன்று தயாரிக்க வேண்டும். விடுதி வாசலில் நின்ற அடுக்கு நந்தியாவட்டையைப் பறித்து ஒட்டி, கீழே அடுக்கு மல்லி என்று அழகாக எழுதினேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை அந்தச் செடியிடம் அழைத்துப்போய் ஒரு இலையைக் கிள்ளச் சொன்னார். பால் வடிந்தது. "மல்லியிலே பால் கறக்கிற முதல் ஆள் நீதாம்மா" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நந்தியாவட்டை அரளிக் குடும்பம். அன்றிலிருந்து எந்தச் செடியைப் பார்த்தாலும் முதலில் ஒரு இலையைக் கிள்ளிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது.

கவாத்துக்கு வருகிறேன். அந்தத் தம்பி கேட்ட கேள்விகளில் அவசரமானது இதுதான். குண்டுமல்லி குளிரில் ஓய்வெடுக்கும் செடி. நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரை நிறுத்தி, தரையிலிருந்து சுமார் 50 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது முழங்கால் அளவுக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டிய பிறகு எருவும் உரமும் வைத்துத் தண்ணீர் கட்டினால், மாசி பங்குனியிலிருந்து பூ வேகம் எடுக்கும். காக்கரட்டான் குளிரிலும் பூக்கிற செடி. மல்லி இல்லாத நாட்களில்தான் அதற்கு மவுசு. மொத்தத் தோட்டத்தையும் ஒரே நாளில் வெட்டியிருந்தால் மேற்குப் பட்டியில் இப்போது நிற்கிற மொட்டெல்லாம் தரையில் கிடந்திருக்கும். கவாத்துக்கு ஆள் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். 1,020 செடிக்கு மட்டும் ஆள் வரச் சொல்லுங்கள், சிவப்புத் துணி கட்டியதைத் தொடவேண்டாம், அங்கே பூ அடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முல்லையும் ஜாதிமல்லியும் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே கத்தரியைத் தூக்கிவிடாதீர்கள். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி வாரம், முல்லைக்கு ஜனவரி கடைசி வாரம். உரமும் ஒரே அளவு கிடையாது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி குண்டுமல்லிச் செடி ஒன்றுக்கு ஆண்டுக்கு 60 கிராம் தழைச்சத்து, 120 கிராம் மணிச்சத்து, 120 கிராம் சாம்பல்சத்து. முல்லைக்கு அதில் சரியாக இரண்டு மடங்கு. ஜாதிமல்லிக்கு 100, 150, 100. இதை இரண்டாகப் பிரித்து, கவாத்து முடிந்ததும் பாதி, ஆனி ஆடியில் பாதி. இது சத்தின் அளவு, உர மூட்டையின் அளவு என்று நினைத்துவிடாதீர்கள். 60 கிராம் தழைச்சத்துக்கு யூரியா 130 கிராம் வேண்டும். இடைவெளியும் அப்படியே. குண்டுமல்லிக்கு ஒன்றேகால் மீட்டர் போதும். முல்லையும் ஜாதிமல்லியும் கொடி குணம் உள்ளவை, ஒன்றரை மீட்டர் கேட்கும். பாரி வள்ளல் தேரைக் கொடுத்தது முல்லைக்குத்தான், மல்லிக்கு இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பற்றிப் படர எதையாவது தேடுகிற செடி அது. அந்தப் பாரியின் பறம்பு மலை என்று சொல்லப்படும் பிரான்மலை நம் நத்தத்துக்குக் கிழக்கே கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறது.

சரி, பிடுங்குவதா வைப்பதா? குண்டுமல்லி பத்து வருடத்துக்கு மேல் பூக்கிற செடி. தப்பான செடியைச் சகித்துக்கொண்டால் அத்தனை வருடமும் சகிக்க வேண்டும். ஆனால் 15 மாதம் தண்ணீர் கட்டி வளர்த்த செடியைக் கோபத்தில் பிடுங்குவதும் நஷ்டம். நான் சொன்னது இது. கலந்து நிற்கிற 70 செடியை எடுத்துவிடுங்கள், அந்தக் குழியிலேயே எருப் போட்டு நல்ல குண்டுமல்லி நாற்று வையுங்கள். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் அடைமழை, இப்போது வைத்தால் பிடித்துக்கொள்ளும். மேற்குப் பட்டியின் 410 செடியை அப்படியே வைத்து, அதைக் காக்கரட்டான் தோட்டமாகவே நடத்துங்கள். தனி ஆள், தனிக் கூடை, தனிப் பை. கலந்து கொண்டுபோனால் கமிஷன் கடையில் மொத்தப் பைக்கும் காக்கரட்டான் விலைதான் போடுவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. வாங்குகிறவர் தலையில் வைக்க மல்லி கேட்பார், மாலை கட்டுகிறவர் காக்கரட்டான் கேட்பார். மார்கழி, தை மாதங்களில் குண்டுமல்லி வரத்து குறைந்து விலை ஏறும்போது மாலைக்காரர்கள் இந்தப் பூவைத்தான் தேடி வருவார்கள். ஒரு குளிர்காலம் கணக்கு எழுதிப் பாருங்கள். பறிகூலி போக மிஞ்சவில்லை என்றால் அடுத்த ஆடியில் மாற்றலாம்.

வீட்டம்மா ஒரு கேள்வி கேட்டார். "அப்ப அவரு செஞ்சதுக்கு ஒண்ணும் கிடையாதாம்மா?" உண்டு. முதலில் நேரில் போய், செடியைக் காட்டி, 480 குண்டுமல்லி நாற்றும் இதுவரை ஆன செலவில் ஒரு பங்கும் கேளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். வாங்கிய பொருள் ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இவருக்குப் போன ஆடியிலிருந்து கணக்கு வைத்தால் இன்னும் ஒன்பது மாதம்கூட இல்லை. ஆனால் கையில் இருப்பது ஒரு துண்டுச் சீட்டு. அதில் 'மல்லி நாத்து 1500' என்று மட்டும் எழுதியிருக்கிறது. குண்டு என்ற ஒரு சொல் இல்லை. அதனால் மனு தோற்கும் என்று சொல்லவில்லை, பேசியது, பார்த்தது, மற்ற சாட்சி எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அந்த ஒரு சொல் இருந்திருந்தால் வேலை எவ்வளவோ சுலபம். நாற்று வாங்கும்போது பில்லில் 'குண்டுமல்லி, ஜாஸ்மினம் சம்பக்' என்று எழுதச் சொல்லி வாங்குங்கள். எழுத மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம். முடிந்தால் பூ சீசனில் போய், அவர் குச்சி வெட்டுகிற தாய்த் தோட்டத்தைக் காட்டச் சொல்லுங்கள். நம் பக்கத்துக்குக் குண்டுமல்லி நாற்று அதிகம் வருவது ராமேசுவரம் அருகே தங்கச்சிமடத்திலிருந்து. நேராக அங்கே போய்த் தோட்டம் பார்த்து வாங்கி வருகிறவர்கள் உண்டு. பஸ் செலவு அதிகம்தான். பத்து வருடச் செடிக்கு ஒரு நாள் பஸ் செலவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை மல்லி என்ற பெயரும் இதே கதைதான். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது குண்டுமல்லிக்கு. காக்கரட்டானை அந்தப் பெயரில் விற்க முடியாது.

இதே இதழுக்கு வந்த இன்னும் இரண்டு கடிதம், இதே விஷயமாக.

ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து ஒரு பெரியவர்: "புதிதாக ஜாதிப்பூ வைத்திருக்கிறேன். மொட்டெல்லாம் ரோஸ் நிறமாக மாறுகிறது. முன்பு மல்லியில் இப்படி வந்து எல்லாம் உதிர்ந்தது. மருந்துக் கடையில் மூன்று மருந்து கலந்து கொடுத்தார்கள். அடிக்கலாமா?"

ஐயா, அடிக்காதீர்கள். மருந்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா பாருங்கள். ஜாதிமல்லி மொட்டின் வெளிப்புறம் இயல்பாகவே இளஞ்சிவப்புச் சாயல் உள்ளது. பல்கலைக்கழகத்தின் கோ-2 பிச்சி ரகத்தில் அது இன்னும் எடுப்பாகத் தெரியும். பூ மலர்ந்தால் உள்ளே வெள்ளை. நோயும் இல்லை, பூச்சியும் இல்லை. நீங்கள் முன்பு குண்டுமல்லியில் பார்த்தது வேறு. குண்டுமல்லி மொட்டு வெள்ளைக்குப் பதிலாக ஊதா கலந்த ரோஸ் நிறமாகி, அடிப்பக்கம் வீங்கி, வளராமல் காய்ந்தால் மொட்டு ஈயின் புழு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். ஒரு மொட்டைப் பிளந்தால் சின்னப் புழு நெளியும். அந்தப் புழு மண்ணில் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். ஆகவே கெட்ட மொட்டையும் விழுந்த மொட்டையும் பொறுக்கி எரிப்பது, செடியடியைக் கொத்திக் கிளறி வெயில் படவிடுவது, வேப்பம் புண்ணாக்கு இடுவது முதல் வேலை. அதற்கும் அடங்காவிட்டால் மட்டும் மருந்து, அதுவும் உங்கள் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரைக் கேட்டு, ஒன்றே ஒன்று. மூன்றைக் கலந்து கொடுக்கிறவர் எந்தப் பூச்சி என்று தெரியாமல் கொடுக்கிறார். ஒரே நிறம் ஒரு சிற்றினத்தில் அழகு, இன்னொன்றில் வியாதி. செடி எது என்று தெரிந்த பிறகுதான் மருந்துச் சீட்டு.

சாணார்பட்டியிலிருந்து ஏழாம் வகுப்பு மாணவி ஒருவர் இன்லேண்ட் லெட்டரில் எழுதியிருக்கிறார். இந்தக் காலத்தில் இன்லேண்ட் லெட்டர் கிடைப்பதே சந்தோஷம். "எங்கள் பள்ளியில் மரமல்லி, பவழமல்லி, நைட் குயீன் மூன்றும் இருக்கின்றன. எல்லாமே மல்லியா?"

கண்ணு, ஒரு வேலை செய். ஒவ்வொரு பூவையும் எடுத்து, குழல் மாதிரி இருக்கிற பாகத்தை ஊசியால் நீளவாக்கில் கீறி உள்ளே பார். மஞ்சள் நுனியோடு மகரந்தத் தாள் ஒட்டியிருக்கும். அதை எண்ணு. மரமல்லியில் நான்கு இருக்கும். அது மல்லியே இல்லை, வாசலில் மஞ்சள் மணிப்பூவாகப் பூக்கிற டெகோமாவின் சொந்தம். நைட் குயீனில் ஐந்து இருக்கும். அது கத்தரிக்காய், தக்காளிக் குடும்பம். சாப்பிட்டுவிடாதே, விஷம். பவழமல்லியில் இரண்டு இருக்கும். மல்லியிலும் இரண்டுதான். இரண்டும் ஒரே குடும்பம், ஆலிவ் எண்ணெய் எடுக்கிற ஆலிவ் மரமும் அந்தக் குடும்பம்தான். ஆனால் பேரினம் வேறு. பவழமல்லித் தண்டை உருட்டிப் பார், நான்கு மூலை தெரியும். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாக இருக்கும். காய் தட்டையாக ஒரு ரூபாய்க் காசு மாதிரி இருக்கும். ஜாஸ்மினம் பேரினத்தில் காய் பிடித்தால் கறுப்பாக உருண்டையாக, பல சமயம் இரட்டையாக ஒட்டி இருக்கும். குண்டுமல்லியில் காயைத் தேடாதே, நம் தோட்டத்தில் அநேகமாகக் கிடைக்காது. அதனால்தான் குச்சி வெட்டியும் பதியன் போட்டும் வளர்க்கிறோம்.

மஞ்சள் மல்லி ஒன்று இருக்கிறதே என்று உன் டீச்சர் கேட்டால், கொடைக்கானல் மேலே, சோலை ஓரங்களில் இருக்கிறது என்று சொல். அதன் இலை எதிரெதிராக இல்லாமல் மாறி மாறி இருக்கும். அதையும் இவ்வளவு நாள் ஜாஸ்மினம் என்றுதான் எழுதினார்கள். 2014-ல் அந்த மஞ்சள் பூக்காரர்களைத் தனியாகப் பிரித்து கிரைசோஜாஸ்மினம் என்று ஒரு பேரினம் கொடுத்திருக்கிறார்கள். கிரைசோ என்றால் தங்கம்.

நிலக்கோட்டைத் தம்பி நேற்றுப் போன் செய்தார். 70 குழிக்கும் எரு போட்டாகிவிட்டது. நாற்றுக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை, கடிதத்தை வாங்கிக்கொண்டு கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்திருக்கிறார். மேற்குப் பட்டியில் முதல்முறையாகத் தனிப் பையில் காக்கரட்டான் என்று எழுதிக் கொண்டுபோனாராம், கமிஷன் கடைக்காரர் பையைக் கொட்டிப் பார்க்காமலே எடை போட்டாராம். மகள் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் கண்ணை மூடி இலை தடவச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்றார்.

படைப்புழு அடுத்த இதழில்.